குடமுத்துப் பார் அணியும் மூன்றாவது குவியலும்

கூடைப்பந்து விளையாட ஒரு பந்து, இரண்டு வளையம், பத்து ஆள் இருந்தால் போதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முதலில் ஒரு தலைவர் வேண்டும். தலைவர் உட்கார மேடை வேண்டும். மேடைக்குப் பந்தல் வேண்டும். பந்தல் போட்டுவிட்டால் மைக் வேண்டும். மைக் வந்துவிட்டால் சும்மா கிடக்க விடலாமா, அதில் பேசுவதற்குத் துணைத் தலைவர்கள் வேண்டும். இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகு பொழுது மிச்சமிருந்தால் பந்தையும் கொண்டுவரலாம்.

புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் ஊரையே புழுதிக்காடாக்கிக்கொண்டிருந்த எழுபத்து மூன்றாம் வருஷம் அது. சங்கு குளிக்கப் போகும் விக்டரின் மகன் இனிகோவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுப் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நிலைவாசலில் தலையை இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் அவன் நுழைந்ததில்லை. ஆனால் வளையத்தைப் பார்த்து நின்றான் என்றால் பந்து வலையைத் தவிர வேறு எதையும் தொடாது. மாவட்டச் சங்கத்தின் இளைஞர் அணியில் அவன் இருந்தான். மெட்ராஸ் தேர்வு முகாமுக்கு ஒரு தடவை போய்விட வேண்டும், பெரிய ஆட்கள் நாலு பேர் கண்ணில் பட வேண்டும், ரயில்வேயில் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற வேலையை வாங்கிவிட வேண்டும், தோளில் உப்புத் தண்ணீர் வடிகிற பிழைப்பு அத்தோடு ஒழிய வேண்டும். அவனுக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். அவன் அம்மா மெட்டில்டா, மகன் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாகப் பனிமய மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். பயல் வளர வளர நேர்ச்சையும் வளருதே என்று விக்டர் முணுமுணுப்பார்.

சங்கத்தில் இருந்தவன் அங்கேயே இருந்திருக்கலாம். வினை அவன் அக்கா இசபெல்லாவின் புருஷன் பர்னபாஸ் வடிவத்தில் வந்தது.

பர்னபாஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சங்கத்துப் பையன்களுக்குப் பல வருஷம் பழக்கிக்கொடுத்தவர். நீலத் துணியில், பையில் தங்க நூலால் சங்கத்தின் பெயர் தைத்து, நிர்வாகிகளுக்குக் கோட்டு கொடுத்தார்கள். பர்னபாஸுக்கு வரவேண்டிய கோட்டு பொருளாளரின் சகலைக்குப் போய்விட்டது. அந்தச் சகலை வாழ்நாளில் பார்த்த ஒரே பந்து சாப்பாட்டுப் பந்திதான். அன்றிலிருந்து பர்னபாஸ் புரட்சிக்காரராகிவிட்டார்.

"ஏலே மாப்ள, இதெல்லாம் ஒரு சங்கமால? ஆட்டத்துக்கு நடுவுல பொன்னாடை போர்த்துதானுவ. வெளிய வால. மாற்று லீக் ஆரம்பிக்கோம். அங்கன மேடை கெடையாது, மாலை கெடையாது. ஆட்டம் மட்டுந்தான்."

"அத்தான், வெளிய வந்தா திரும்பச் சேக்க மாட்டாவளே. மெட்ராசு முகாமுக்கு என்ன செய்ய?"

"நம்மளும் பன்னெண்டு பேரை அனுப்பலாம்னு அங்க சம்மதம் வாங்கியாச்சு. மொத ஆளு நீதான். உங்க அக்கா மேல சத்தியம்."

அக்கா மேல் சத்தியம் பண்ணிவிட்ட மனுஷனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? இனிகோ சங்கத்திலிருந்து விலகினான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அவர்களும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மாற்று லீக்குக்குப் பேரவை என்று பெயர் வைத்தார்கள். பேரவைக்கும் தலைவர் வேண்டுமே! ஜேசுபாதம் பர்னாந்து தலைவரானார். நாலைந்து தோணிக்குச் சொந்தக்காரர். முழங்காலுக்கு மேல் அவரைக் கடல் நனைத்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் முத்துதான். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்து ஒரு மாமாங்கம் ஆகிவிட்டது. அதிகாரிகள் வருஷாவருஷம் படகில் போய்ப் பார்த்துவிட்டு, விளைச்சல் இல்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார்கள். கடலில் இல்லாமற்போன முத்தெல்லாம் ஜேசுபாதத்தின் பேச்சில்தான் விளைந்துகொண்டிருந்தது.

உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கி முற்றத்தில் தொடக்க விழா. நங்கூரம் அடிக்கிற கொல்லர் செய்த வளையங்களை இரண்டு பக்கமும் நட்டிருந்தார்கள். மேடை கிடையாது என்று சொன்னார்களா? ஆகவே மேடைக்கு 'பீடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பீடத்தின் மேல் பேரவையின் சொத்தாக மூன்று பந்துகள், மாலை போட்டு வைத்திருந்தன. ஜேசுபாதம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த இளைஞர்களே! மாவட்டச் சங்கத்தார் வெள்ளைக்காரன் சட்டத்தை வச்சு ஆடுதாங்க. நமக்குன்னு ஒரு முறை இல்லையா? நம்ம முன்னோர் மூச்சடக்கிக் குளிச்சு எடுத்த சிப்பியை மூணு குவியலாப் பிரிச்சாங்க. ரெண்டு சர்க்காருக்கு, ஒண்ணு குளிச்சவனுக்கு. எந்த ரெண்டுங்கதை அதிகாரி கையைக் காட்டிச் சொல்லுவாரு. அந்த உத்தமமான முறைதான் இந்தப் பேரவையிலயும். நீங்க போடுத மூணு கூடையில ஒண்ணு உங்களுக்கு. ரெண்டு தலைவர் அணிக்கு. தலைவர் அணி ஆடுத அணி இல்ல, ஏத்துக்கிடுத அணி. தியாகம் பண்ண இத்தனை பேரு இருக்கீங்க. அதை ஏத்துக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்தச் சுமையை நான் சுமக்கேன்."

கூட்டம் கொஞ்சம் முழித்தது. வெள்ளத்துரைதான் முதலில் வாயைத் திறந்தான். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயக்காட்டுப் பையன், தூத்துக்குடியில் மாமா அரிசிக் கடையில் தங்கி விளையாட வந்தவன்.

"ஏலே இனிகோ, எங்க ஊர்ல வயலை வாரத்துக்கு விட்டவன்கூடப் பாதிக்கு மேல கேக்க மாட்டாம்ல. இது என்னல அநியாயமா இருக்கு?"

இந்த இடத்தில்தான் இனிகோ அந்தத் தப்பைப் பண்ணினான். வேறு எந்த ஊர்க்காரனும் பண்ணியிருக்க மாட்டான். மூன்றில் ஒன்று என்றதும் அவனுக்கு அநியாயம் நினைவுக்கு வரவில்லை, அப்பா நினைவுக்கு வந்தார். ஈரத் துண்டோடு கரையில் நின்று தன் கையாலேயே குவியல் பிரித்த அப்பா. சின்ன வயதில் அம்மா இடுப்பில் இருந்து பார்த்தது. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்றான்.

"எங்க அப்பா முத்துப் பார்ல குளிச்ச ஆளு. மூணுல ஒண்ணு வாங்கித்தாம்ல எங்க வீட்டுக்கு ஓடு போட்டோம். அது பிச்சை இல்ல, கௌரவம். கடக்கரைக்காரனுக்குத் தெரியும்."

கடற்கரைப் பையன்கள் எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளத்துரை அவனையே பார்த்தான். "நீ சொன்னாச் சரிதாம்ல" என்று உட்கார்ந்துவிட்டான். பர்னபாஸ் மச்சினனைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பீடத்துக்கு முன்னால் நின்று, கைதட்டலோடு செய்துகொண்டான் பயல்.

கடலுக்கு அடியில் சிப்பி விளைகிற பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். அணிகளுக்கெல்லாம் அந்தப் பார்களின் பெயர். இனிகோவும் வெள்ளத்துரையும் குடமுத்துப் பார் அணி. பழக்குபவர் பர்னபாஸ்.

முதல் ஆட்டத்தன்று இரண்டு அணியும் களத்தில் நின்று வெயிலில் காய்ந்தன. ஆட்டம் ஆரம்பிக்கவில்லை. என்னவென்று பார்த்தால், கடல்கட்டி வரவில்லை. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புக்குப் போகும்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ஓர் ஆள் கரையில் இருப்பார். அவர் கட்டிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் கடலில் இறங்குவார்கள். முறை என்றால் முழு முறை அல்லவா? ஜேசுபாதத்தின் மச்சினன் இன்னாசி பேரவையின் கடல்கட்டியாக நியமிக்கப்பட்டிருந்தார். தலை நரைத்த மனுஷன். சாவகாசமாக வந்து, வளையத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, பித்தளைச் செம்பை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளத்துரைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, உப்புக் கிட்டங்கி முத்தத்துல சுறா எப்படி வரும்?"

இன்னாசி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இதுவரைக்கும் வந்துச்சாடே?"

"வரல்லை."

"பொறவு? வேலை நடக்குன்னு அர்த்தம்."

கடல்கட்டியின் நாற்காலி வளையத்துக்கு நேர் கீழே இருந்ததால் பந்து விழுந்தால் அவர் தலையில் விழும். அதற்கும் சட்டம் இருந்தது. கடல்கட்டியின் தலையில் பட்ட கூடை மூன்று பங்கும் தலைவர் அணிக்கு.

அன்றைக்கு இனிகோ ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லுவார்கள். இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறு பக்கம் போனான். இன்னாசியின் தலைக்குப் படாமல் பந்தை வளையத்தில் வழுக்கிவிட்டான். வெள்ளத்துரை பந்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தான். குடமுத்துப் பார் அமோகமாக ஜெயித்தது. பிறகு நடுவர் குவியல் பிரித்தார். ஓடிச் சாடிப் போட்ட கூடைகளை எல்லாம் இரண்டு குவியலாக்கித் தலைவர் அணியைக் காட்டினார்; நின்ற இடத்திலிருந்து போட்ட ஃப்ரீ த்ரோக்களைக் குடமுத்துப் பாருக்கு ஒதுக்கினார். தோற்ற அணியிடமும் அதே இரண்டு பங்கு. கரும்பலகையில் தலைவர் அணி முதலிடத்தில் இருந்தது.

"களத்துல இறங்காமலே முதலிடம்! உலகத்துல எந்த அணியும் செய்யாத சாதனை!" என்று மைக் அலறியது. தலைவர் அணியின் கேப்டன், ஜேசுபாதத்தின் மகன் தேவமணி, பீடத்தில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்தான். கை தட்டுகிறார்களே என்று அவனும் தட்டினான்.

"அத்தான், இப்படியே போனா மெட்ராசுக்கு எப்படி?" என்று இனிகோ கேட்டான்.

"ஏலே, அது அணிக் கணக்குல. முகாமுக்கு ஆளைப் பாத்துத்தான் அனுப்புவோம். நான் இருக்கேம்லா?"

அத்தான் இருந்தார். அதுதான் இனிகோவுக்குத் தெம்பு.

வேலைக்குப் போகும் முன்னால் விடிகாலையில் முற்றத்துக்கு வந்து தனியாகப் பந்து போட்டுப் பழகுவது இனிகோவின் வழக்கம். ஒரு நாள் அதைக் கடல்கட்டி பார்த்துவிட்டார். அன்று மாலையே விசாரணைக் குழு கூடியது. குற்றம் என்ன தெரியுமா? கரைக்கு வருமுன் நடுக்கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்தது. அதாவது, நடுவர் இல்லாத நேரத்தில் கூடை போட்டு, தலைவர் அணிக்குச் சேரவேண்டிய இரண்டு பங்கை விழுங்கியது.

"அது பழகத்தானே போட்டேன்! அதுக்கு ஏது கணக்கு?" என்றான் இனிகோ.

"கணக்கில்லாமப் போட்டேங்கதை அவனே ஒத்துக்கிட்டான்" என்றார் ஒரு துணைத் தலைவர். முத்தை விழுங்கினவனுக்கு அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுப்பார்களாம். அதையும் மரபுப்படி செய்துவிடலாமா என்று இன்னொருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய் எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. அப்போது பர்னபாஸ் எழுந்து குழுவைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து மச்சினன் தோளில் கையைப் போட்டார்.

"உன்னயக் காப்பாத்திட்டேன் மாப்ள. காலையில நீ போடுததுல ரெண்டு பங்கைத் தேவமணி பேர்ல சேத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். எண்ணெய் வேண்டாம்னுட்டாவ."

இனிகோ அத்தானுக்கு நன்றி சொன்னான். ஆமாம், நன்றி சொன்னான்! மனுஷன் நம்பத் தொடங்கிவிட்டால் எவ்வளவு தூரம் போவான் என்பதற்குக் கணக்கே கிடையாது. அந்த ராத்திரி இசபெல்லா வீட்டுக்குப் போய் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

பரிசளிப்பு விழா வந்தது. ஆடிய ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்காத குடமுத்துப் பார் அணி, பந்தலுக்கு வெளியே வரிசையாக நின்றது. மெட்டில்டா கோயிலுக்குப் போய்விட்டு, மகன் பெயர் மைக்கில் வருவதைக் கேட்க முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பெயர் வாசிக்கப் பேரவையின் செயலாளர் எழுந்தார். செயலாளர் யாரென்று யாருக்கும் அதுவரை தெரியாது. நீலக் கோட்டு. பையில் தங்க நூல். வெயிலில் மூஞ்சி வியர்த்து வழிய, கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் பர்னபாஸ் மைக் முன்னால் வந்து நின்றார்.

"மெட்ராஸ் முகாமுக்குத் தேர்வானவர்கள். தேவமணி."

பிறகு தேவமணியின் சித்தப்பா மக்கள், பெரியப்பா மக்கள், தோணிக் கணக்குப்பிள்ளையின் மகன் என்று வரிசையாக வந்தது. இனிகோ பதறவில்லை. கடைசியிலிருந்து வாசிக்கிறார்கள் போலிருக்கிறது, முதல் ஆள் பெயர் முடிவில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அடியெடுத்துவைக்கத் தயாராக நின்றான்.

"பன்னிரண்டாவதாக, இன்னாசி."

தலை நரைத்த இளைஞர் செம்போடு எழுந்து பீடத்துக்குப் போனார். மெட்டில்டா இன்னும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனிகோ பந்தலுக்குள் பாய்ந்தான்.

"அத்தான்! என் பேரு?"

பர்னபாஸ் மைக்கைக் கையால் மூடினார். "அதிகப் புள்ளி எடுத்தவனைத்தாம்ல அனுப்பணும்னு தலைவரு சொல்லிட்டாரு. புள்ளி எல்லாம் தலைவர் அணியில இருக்கு. நான் என்ன செய்ய?"

"அது நான் போட்டது அத்தான்!"

"மூணுல ஒண்ணு கௌரவம்னு எந்திரிச்சுச் சொன்னது யாருல? நானா சொன்னேன்?"

இனிகோ திரும்பிப் பார்த்தான். வெள்ளத்துரை பின்னால் நின்றான். நீ சொன்னாச் சரிதாம்ல என்று அன்றைக்குச் சொன்ன அதே முகம். அத்தான் குத்தினதைவிட அந்த முகம்தான் அவனுக்குள் இறங்கி வலித்தது.

ஜேசுபாதம் முடிவுரை நிகழ்த்தினார். "விளைச்சலை எடுத்ததும் பாரை மூடிடுவது நம்ம முன்னோர் வழக்கம். அதன்படி குடமுத்துப் பார் முதலான எல்லா அணிகளும் இந்த நிமிசத்தோட மூடப்படுது. நம்ம போராட்டத்துக்கு முழு வெற்றி கெடச்சிருக்கு. மாவட்டச் சங்கத்தார் நேத்து என்னை அவங்க துணைத் தலைவரா ஏத்துக்கிட்டாங்க. சங்கத்தை விட்டு ஓடிப்போன ஆட்டக்காரங்களைத் திரும்பச் சேக்கப்படாதுங்கதுதான் அங்க நான் கொண்டுவந்த முதல் தீர்மானம். ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்லா?"

பந்தலைப் பிரிக்கிற ஆட்கள் அப்போதே ஏணியோடு வந்துவிட்டார்கள். பந்தலோடு வளையங்களையும் பிடுங்கி வண்டியில் ஏற்றினார்கள்.

வீட்டில் மெட்டில்டா அழுதாள். விக்டர் அழவில்லை, கத்தினார். "மூணுல ஒண்ணா? ஏலே மடப்பயலே, என் ஒண்ணை நான் பிரிச்ச உடனே தலையில தூக்கிக்கிட்டு நடந்துட்டேம்ல! வீட்டுல கொண்டாந்து தொறந்து பாத்தா ஒரு நாள் முத்து இருக்கும், ஒரு நாள் நாத்தம் இருக்கும். எதுன்னாலும் எங் கையில இருந்துச்சு. உன் ஒண்ணு எங்கல? கரும்பலகையில. அழிச்சுட்டான்லா!"

மெட்ராஸ் வண்டியை வழியனுப்ப, மூடிய அணிகளெல்லாம் வந்து கை தட்ட வேண்டும் என்று உத்தரவு. வெள்ளத்துரையிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்றுதான் இனிகோ ஸ்டேஷனுக்குப் போனான். மேளம் அடித்தது. இன்னாசி ஜன்னலோரம் உட்கார்ந்து மெட்ராஸ் சுறாக்களுக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பந்துகளை வலைப்பையில் போட்டு உள்ளே ஏற்றியாயிற்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தேவமணி பிளாட்பாரத்தில் நின்றான். இனிகோவைக் கண்டதும் தயங்கித் தயங்கி வந்தான். அவன் கெட்டவனில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அங்கன போனதும் போட்டுக் காட்டச் சொல்லுவாவளாம். இதை எப்படிண்ணே பிடிக்கது?"

கோட்டுப் போட்ட பர்னபாஸ் வண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டிக் குடு மாப்ள. நாளைக்கு உனக்கும் ஏதாவது பாப்போம்."

இனிகோ பந்தை வாங்கினான். விரலை எப்படி விரிப்பது, முழங்கையை எங்கே வைப்பது, பந்தைத் தள்ளாமல் எப்படி வழியனுப்புவது என்று பொறுமையாகக் காட்டினான். தேவமணி வாயைப் பிளந்து பார்த்தான். வண்டி ஊதியது. தேவமணி ஏறிக்கொண்டு கையை நீட்டினான். இனிகோ பந்தைக் கொடுக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

வண்டி நகர்ந்தது. "ஏலே, பந்தைக் குடுல!" என்று பர்னபாஸ் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "பேரவைச் சொத்துல அது!"

"மூணு பந்து. ரெண்டு உள்ள ஏறிட்டு. இது குளிச்சவன் பங்கு, செயலாளர் சார்."

பர்னபாஸின் வாய் திறந்தபடி நின்றது. பந்து போனதற்கு அல்ல. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பயல் அவரை அத்தான் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இதற்குப் பிறகு ஒரு நாளும் அப்படிக் கூப்பிடப்போவதுமில்லை.

வண்டி மறைந்ததும் இனிகோ பந்தைக் கொண்டுபோய் வெள்ளத்துரையிடம் நீட்டினான். அவர்களைப் போடவிடுகிற வளையம் இனி ஊரில் எங்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வெள்ளத்துரை பந்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல எனக்கு எத்தனை பங்குல?" என்றான்.

"பாதிக்குப் பாதி" என்றான் இனிகோ. அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.